பசை மாறாத கை

ரிமோட்டில் ஓட்டும் பறக்கும் பொம்மைப் படகில் கஷ்டமான விஷயம் பறப்பது இல்லை சார், தண்ணீரை விட்டு எழும்புவதுதான். அடிப்பாகம் வழவழவென்று இருந்தால் தண்ணீர் கவ்விக்கொள்ளும். மோட்டார் தொண்டை கிழியக் கத்தினாலும் விடாது. அதற்காக அடியில் சின்னதாக ஒரு படி வெட்ட வேண்டும். அந்த வழியாகக் காற்று புகுந்து படகை விடுவிக்கும். அந்தப் படியை எங்கே வெட்டுவது என்று பிடிபடுவதற்குள் எத்தனையோ படகுகளைக் குப்பையில் போட்டேன்.

குளிர்பதனக் கிடங்குகளுக்குச் சுவர்ப்பலகை பொருத்துவது என் தொழில். வெட்டி மிஞ்சிய தெர்மாகோலைப் படகு செய்ய வீட்டுக்குக் கொண்டுவருவேன். பின்னறையெல்லாம் வெள்ளைக் குருணை பறக்கும். "இது வீடா, பஞ்சு மில்லாங்க?" என்பாள் மனைவி. திட்டிக்கொண்டேதான் பெருக்குவாள். நல்ல மனசு அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படகு விடும் எங்கள் கூட்டம் ஏரிக்கரையில் கூடும். எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. படகு நடுத்தண்ணீரில் நின்றுபோனால், ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் போய் எடுத்துவர வேண்டும். அதற்காக ஒரு மிதவை செய்து கொடுத்திருந்தேன். ஒட்டுப்பலகைச் சட்டம், உள்ளே தெர்மாகோல், மேலே ஆரஞ்சு டேப். அதில் குப்புறப் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு போகலாம். நான் செய்தது என்பதால் யாரும் தட்டிக்கூடப் பார்த்ததில்லை.

மச்சினன் என் மனைவி தூக்கி வளர்த்த தம்பி. வேலை மாறி வந்து எங்களோடுதான் இருந்தான். அவன் இருந்தால் வீடு கலகலவென்று இருக்கும். எனக்கும் அவனைப் பிடிக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் படகு செய்வேன், அவன் ஓட்டுவான்.

செவலை என்று நாங்கள் பெயர் வைத்த சிவப்புப் படகு முதன்முதலாகத் தண்ணீரை விட்டு எழும்பியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த ஒரு பெரியவர், "யாரு தம்பி செஞ்சது?" என்று மச்சினனைக் கேட்டார்.

"நான்தாங்க. மாமா தெர்மாகோல் வெட்டிக் கொடுப்பாரு, அவ்வளவுதான்."

படகைத் துடைக்கத் துண்டோடு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் மனைவியும் அங்கே இருந்தாள், சிரித்தாள். வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "சின்னப் பையன், ஏதோ பெருமைக்குச் சொல்லிட்டான். விட்டுக்கொடுங்களேன்" என்றாள். விட்டுக்கொடுத்துவிட்டேன். எனக்குக் கோபம் அதிகம் வராது.

அந்த வாரம் மிதவையைப் பழுது பார்ப்பதாகச் சொல்லி வீட்டுக்கு எடுத்துவந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடம், தெர்மாகோலுக்குச் செருப்பு ஒட்டும் பசை ஆகாது என்பது. பட்ட இடத்தை அப்படியே கரைத்துத் தின்றுவிடும். ஒரு துண்டில் ஊற்றிக் காட்டுவேன், எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். மச்சினனே வந்த புதிதில் அந்தப் பசையைத் தடவி ஒரு இறக்கையைப் பாழாக்கியிருக்கிறான். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து அவனை ஓட்டினோம்.

மிதவையின் டேப்பைப் பிரித்து டப்பா டப்பாவாக அந்தப் பசையைத்தான் ஊற்றினேன். உள்ளே இருந்ததெல்லாம் அடியில் பிசின்போல ஒடுங்கிவிட்டது. சட்டம் இருந்ததால் உருவம் மாறவில்லை. திரும்ப டேப் சுற்றி, அடிப்பக்கம் ஒரு ஓரத்தை மட்டும் அழுத்தாமல் விட்டேன். கொஞ்ச தூரம் போகும், அதற்குள் தண்ணீர் ஏறிவிடும்.

செவலையில் நான் கை வைக்கவே இல்லை. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பேட்டரி தீரப்போகிறது என்று ரிமோட் கத்தினால் மச்சினன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். "இன்னும் ஒரே ஒரு சுத்து மாமா" என்பான். என்றைக்காவது நடுவில் நிற்கத்தானே வேண்டும். நான் காத்திருந்தேன், அவ்வளவுதான்.

நடுவில் ஒரு ஞாயிறு எங்கள் கூட்டத்தில் இருக்கும் பல் டாக்டரின் படகு நின்றுபோனது. அவர் மிதவையில் கை வைத்துவிட்டார். "காத்து கரைப்பக்கம்தான் அடிக்குது டாக்டர். அதுவே வந்துடும், நீங்க டீயக் குடிங்க" என்றேன். வந்துவிட்டது. பிள்ளைகுட்டிக்காரர், அவர்மேல் எனக்கு என்ன பகை?

அடுத்த ஞாயிறு செவலை நின்றது. மச்சினனுக்கு நீச்சல் தெரியாது.

"லைஃப் ஜாக்கெட் எங்க மாமா?"

"வீட்டுலயே மறந்துட்டேன்டா. பக்கம்தானே, படுத்தாப்லயே போயிட்டு வா."

போனான். செவலையைப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி எனக்குக் காட்டினான். அப்போதே மிதவை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "மாமா" என்று ஒருமுறை கூப்பிட்டான். நன்றாகக் காதில் விழுந்தது. பல் டாக்டர் குதித்து நீந்திப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செவலை மட்டும் தானாகக் கரைக்கு வந்தது, ஒரு கீறல் இல்லாமல்.

நேற்று மனைவி இங்கே ஸ்டேஷனுக்கு என்னைப் பார்க்க வந்தாள். அழுது அழுது குரலே இல்லை அவளுக்கு. "பசை மாறிப்போச்சுன்னு உங்க வாயால ஒரு தடவ சொல்லிடுங்க. நான் நம்பிக்கிறேன். நம்பாம என்னால அந்த வீட்டுல இருக்க முடியாதுங்க" என்றாள். வக்கீலும் அதையேதான் சொல்கிறார். கை தவறி நடந்தது என்றால் சீக்கிரம் வெளியே வந்துவிடலாமாம்.

ராத்திரியெல்லாம் யோசித்துப் பார்த்தேன் சார். அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் ஏரிக்கரையில் என்ன பேசுவார்கள்? ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் பசையை மாற்றி ஊற்றிவிட்டானாம் என்பார்கள். நேற்று வந்தவன்கூடச் சிரிப்பான். நான் எவ்வளவோ விட்டுக்கொடுத்திருக்கிறேன். இதை எப்படி விட்டுக்கொடுப்பது?

செவலையை முழுக்கச் செய்தது நான்தான், அதை முதலில் எழுதுங்கள். வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். எனக்குப் பசை மாறாது.