பானெட்டைப் பிடித்திருந்தவர் என் அண்ணி

மேலே பதிவாகியுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்தொன்று. வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது, எழுதப் படிக்க நானாகக் கற்றுக்கொண்டேன், ஆகையால் இதை யாரும் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. இந்த வழக்கில் காவலில் இருக்கும் கார் மெக்கானிக் என் கணவர். அவர் மேல் புகார் கொடுத்தவர் என் அண்ணன். நேற்று காலை ஆஸ்பத்திரியில் இறந்தவர் அண்ணனின் மனைவி, என் அண்ணி.

கணவரின் பட்டறை எங்கள் வீட்டின் பின்பக்கம் இருக்கிறது. அண்ணனின் நாலு சிலிண்டர் கார் இன்னும் வேகமாகப் போக அதற்கு நைட்ரஸ் காஸ் பாட்டில் வைத்துக் கொடுத்தது என் கணவர்தான். அண்ணன் விடாமல் கேட்டதால் செய்தார். வேலை நடந்தபோது ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து, அவர் சொல்லும்போது பெடலை மிதிப்பதும் விடுவதும் என் பொறுப்பு. அப்போது அவர் சொல்லக் கேட்டதைச் சொல்கிறேன். பாட்டிலிலிருந்து வரும் காஸோடு கூடுதல் பெட்ரோலும் சேர்ந்து இன்ஜினுக்குள் போகும். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் அதை அப்படியே இழுத்துக்கொள்ளும். மெதுவாகச் சுற்றும்போது திறந்துவிட்டால் இழுக்க முடியாமல் காற்றுக் குழாயிலேயே தேங்கும். அந்த நேரத்தில் ஒரு நெருப்புப் பொறி பின்பக்கம் திரும்பினால் தேங்கியது மொத்தமும் வெடித்து வெளியே வரும். பட்டறையில் அதை பேக்ஃபயர் என்பார்கள்.

அது வராமலிருக்கக் கணவர் இரண்டு பூட்டு வைத்தார். ஒன்று, பெடலைத் தரைவரை மிதித்தால் மட்டுமே வேலை செய்யும் ஸ்விட்ச். மற்றொன்று, இன்ஜின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றைத் தாண்டினால் மட்டுமே காஸைத் திறக்கவிடும் சிறிய கறுப்புப் பெட்டி. இதை டாஷ்போர்டுக்குக் கீழே திருகி வைத்தார். ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினார், அது எதற்கென்று எனக்குத் தெரியாது. காரை ஒப்படைத்த அன்று அண்ணனிடம் அவர் சொன்னது: "மச்சான், கீழ் ஓட்டத்துல காஸ் குடுத்தா இன்ஜின் தும்மும். அது தும்மினா எதிர்ல நிக்கிறவன் மூக்கு போயிடும். பெட்டி மேல கை வைக்காதீங்க." அதற்கு அண்ணன், "என் கார்ல நான் மிதிக்கிறதுக்கு உங்க பெட்டிக்கு மனு போடணுமா மாப்பிள்ளை?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அண்ணியும் சிரித்தார்.

என் கணவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தத் திருகை முடுக்கினாலும், திருகின் தலையிலிருந்து பக்கத்துத் தகடுவரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுப்பார். யாராவது திருகைத் திருப்பினால் கோடு உடைந்து, பாதி திருகிலும் பாதி தகட்டிலும் நிற்கும். அந்தப் பெட்டியின் திருகுகளுக்கும் அப்படிக் கோடு போட்டார், டார்ச்சை நான் பிடித்திருந்தேன்.

சம்பவம் நடந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். காரை வாங்குவதற்கு ஒருவர் பார்க்க வந்திருந்தார். என் கணவர் வரவில்லை. வந்தவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, மிதித்த உடனே காஸ் வரவில்லை, தாமதிக்கிறது என்று குறை சொன்னார். அதன் பிறகு அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு டாஷ்போர்டுக்குக் கீழே படுத்து, அந்தப் பெட்டியைக் கழற்றி, அதிலிருந்த ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி டேப் சுற்றினார். பெட்டியையும் திருகுகளையும் துணி துவைக்கும் தொட்டியின் விளிம்பில் வைத்தார். நான் "அதைக் கழட்டக் கூடாதுன்னு அவரு சொன்னாரே அண்ணா" என்றேன். "உன் வீட்டுக்காரர் சொல்லுக்கு நீ கட்டுப்படு, நான் எதுக்கு?" என்றார். தண்ணீர் படுமே என்று பெட்டியை எடுத்துத் திருகுகளோடு என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு வந்தவருக்கு இன்ஜினைக் காட்ட பானெட்டைத் திறந்தார்கள். அதைத் தாங்கும் கம்பி முன்பே உடைந்திருந்தது. அண்ணன் அண்ணியைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்றார். அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். "கல்யாணத்தன்னிக்குக்கூட உங்க அண்ணன் என்னை இப்படிப் பார்க்கல, இந்த இன்ஜினைப் பார்க்கிற மாதிரி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வந்தவர் கதவுப் பக்கம் நின்றார். அண்ணன் சீட்டில் ஏறி, இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பெடலை ஒரேயடியாகத் தரைவரை மிதித்தார். சத்தம் கேட்டது. காற்று வடிகட்டி பிய்த்துக்கொண்டு போய் மதிலில் அடித்தது, நெருப்பு மேல்பக்கமாக வந்தது. அண்ணி பானெட்டை உடனே விடவில்லை. விட்டால் உள்ளே இருக்கும் சாமான் உடைந்துவிடும் என்று நினைத்திருப்பார். நான்தான் இழுத்தேன். அதன் பிறகு கொடியில் கிடந்த ஈரப் போர்வையைச் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாங்க வந்தவர் அப்போதே போய்விட்டார். அவர் யாரென்று அண்ணனுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் அண்ணிக்கு நினைவு இருந்தது. முகத்தில் கட்டு. நான் பக்கத்தில் போனபோது, "நான் பானெட்டைச் சரியாத்தானே பிடிச்சிருந்தேன்?" என்று கேட்டார். "சரியாத்தான் பிடிச்சிருந்தீங்க அண்ணி" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

அன்று மாலை ஆஸ்பத்திரி நடையில் என் அம்மா, அண்ணன், என் கணவர், நான் நால்வரும் இருந்தோம். அம்மா என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, அவ பிழைச்சு எழுந்து வந்து புருஷனை ஜெயில்லயா பார்க்கணும்? ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. உங்க வேலையில ஏதோ விட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கும்பிட்டுக் கேக்கறேன்" என்றார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வக்கீல்கிட்ட கேட்டுட்டேன். காயம்தானே, சின்ன செக்ஷன், அபராதத்தோட போயிடும்" என்றார். என் கணவர் என்னைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்ற?" என்றார்.

அதற்குச் சற்று முன்புதான் நான் மாடிப்படியின் கீழ் நின்று பிரார்த்தித்திருந்தேன். அண்ணி பிழைக்கட்டும், அதற்கு என்னிடமிருந்து எது கேட்டாலும் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கேட்கப்பட்டது இதுதான் என்று நினைத்தேன். வீட்டில் வரவு செலவு எழுதுகிறவள் நான், கொடுத்ததற்கு ஈடாக ஒன்று வரும் என்று கடவுளோடும் கணக்குப் போட்டுவிட்டேன். "செஞ்சிடுங்க" என்றேன். மறுநாள் காலை அண்ணன் புகார் கொடுத்தார், பாதுகாப்புப் பெட்டியைத் தான் பொருத்தவே இல்லை என்று என் கணவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வாக்குமூலம் பொய். அதைச் சொல்லச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

நேற்று காலை அண்ணி இறந்தார். அதன் பிறகு செக்ஷன் மாறிவிட்டது என்றும் இனி அபராதத்தோடு போகாது என்றும் தெரிந்தது. இன்று என்னை இங்கே அழைத்து வந்தது அண்ணன்தான். வழியில், "முதல்ல சொன்னதையே சொல்லு. இப்ப மாத்தினா குடும்பத்தோட பொய் சொன்னவங்க ஆயிடுவோம்" என்றார். "அண்ணிதான் போயிட்டாங்களே அண்ணா, இனி யாருக்காக?" என்று கேட்டேன். "மாப்பிள்ளை தாங்குவாரு" என்றார். கூட வந்த அம்மா அழுதுகொண்டே, "ஒரே வயித்துல பிறந்தவன்டி" என்றார்.

அந்தக் கறுப்புப் பெட்டியையும் அதன் திருகுகளையும் இன்று அதிகாரியிடம் ஒப்படைத்துள்ளேன். திருகின் தலைகளில் பாதிக் கோடு இருக்கிறது. மீதிக் கோடு காரின் டாஷ்போர்டுக்குக் கீழே தகட்டில் இருக்க வேண்டும், பொருத்திப் பார்த்தால் சேரும். முறுக்கிய ஒயரும் அங்கேயே இருக்கும். கார் இந்த நிலையத்தின் முற்றத்தில் நிற்கிறது. அதைத் திருப்பித் தரும்படி அண்ணன் மனு கொடுத்திருக்கிறார். தந்துவிட்டால் என் கணவருக்கு வேறு சாட்சி இல்லை. தயவுசெய்து இன்றே, இப்போதே, வெளிச்சம் இருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பொய் சொல்லத் தூண்டியதற்காக என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறேன்.

தட்டச்சு செய்ததை முழுவதும் நானே படித்தேன். பெட்டியைக் கழற்றியது, பெடலை மிதித்தது ஆகிய இடங்களில் "மேற்படி புகார்தாரர்" என்று இருந்தது. அதை அடித்து "என் அண்ணன்" என்று போடச் சொன்னேன். சட்டத்துக்கு அது தேவையில்லையே அம்மா என்றார் அதிகாரி. யாரோ ஒருவரைப் பற்றி நான் சொன்னதாக இருக்க வேண்டாம் என்றேன். திருத்திய இடங்களில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். சொல்ல வேண்டாம் என்று என் அம்மா கேட்டுக்கொண்டார், சொல் என்று யாரும் வற்புறுத்தவில்லை. இதில் உள்ளவை நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டுமே, கடவுளுக்கு முன்பும் இதையே சொல்வேன்.

(ஒப்பம்)
காவலில் உள்ளவரின் மனைவி, புகார்தாரரின் தங்கை