பிழையில்லாத விழா மலர்

தேநீரைத் தட்டிவிட்டது நான்தான். இசைக் கலைஞர் சங்கத்துக்குப் பதினொரு வருடமாகச் செயலாளர். ஒரு கோப்பையை ஒழுங்காக வைக்கத் தெரியாது. மேசையில் இரண்டு கோப்புகள் நனைந்தன. விருது விழாவில் அஞ்சலி செலுத்த வேண்டிய, அந்த ஆண்டு மறைந்தவர்களுடையது ஒன்று. சிகிச்சைக்கு உதவி கேட்டவர்களுடையது மற்றொன்று. புகைப்படங்களை மின்விசிறிக்கு அடியில் உலர்த்தித் திரும்ப அடுக்கினேன்.

மலர் அச்சாகி, குழுவினர் கைக்கெல்லாம் போன பிறகுதான் கவனித்தேன். அஞ்சலிப் பக்கத்தில் கிளாரினெட் அண்ணன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். உயிரோடிருக்கும் மனிதர். குழுவில் இரண்டு பேர், "பாவம், நல்ல மனுஷன்" என்று என்னிடம் வருத்தப்பட்டார்கள். நானும் வருத்தப்பட்டேன்.

அவருடைய இதய அறுவை சிகிச்சை மனு என்னிடம் இருந்தது. குழுவின் முன் வைத்தால் குட்டு உடைந்துவிடும். என் மலர்களில் அதுவரை ஒரு பிழைகூட வந்ததில்லை. மனுவை இழுப்பறையில் வைத்தேன்.

ஒரு மாதத்துக்குள் செய்தாக வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். விழாவுக்கு நாற்பது நாள். கணக்கில் நான் மந்தம். இது மட்டும் உடனே விளங்கியது.

அண்ணன் தினமும் தொலைபேசியில் கூப்பிடுவார்.

"என்னப்பா, என் மனு எந்த ஊர்ல சுத்துது?"

"குழுவுல இருக்குண்ணே."

"சரி, விழாவுக்காவது கூப்பிடுவியா?"

"உங்களுக்கு இடம் ஒதுக்கியாச்சுண்ணே."

அது பொய்யில்லை.

விழாவுக்கு ஒன்பது நாள் முன்பு இறந்தார். மலரில் ஒரு பிழையும் இல்லை.

அஞ்சலிக்கு அவருடைய பழைய ஒலிப்பதிவு ஒன்றை எடுத்தேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவர் மூச்சை இழுப்பது கேட்டது. அதை வெட்டினேன். வெட்டிய இடத்திலும் கேட்டது. இதை எழுதும்போதும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் யாரோ மூச்சை இழுக்கிறார்கள். எனக்கு இன்னும் நிறைய எழுத இருக்கிறது.

மனு முன்னாலேயே போயிருந்தால் தப்பியிருப்பாரா என்று பலரிடம் ஜாடையாகக் கேட்டேன். தலைவர், "நம்ம கையில என்னய்யா இருக்கு" என்றார். பொருளாளர், "வயசாச்சுல்ல" என்றார். இரண்டு இரவு நன்றாகத் தூங்கினேன்.

விழா மேடைக்குப் பின்னால் அண்ணி நினைவுக் கேடயத்தோடு உட்கார்ந்திருந்தார். அவரிடமும் கேட்டேன்.

"அண்ணி, ஆபரேஷன் நேரத்துக்கு நடந்திருந்தா மட்டும்...?"

"பொழைச்சிருப்பாரு."