கேள்வி கேட்காத இயந்திரம்

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். எங்கள் அலுவலகத்து டீயைக் கழுநீரில்தான் சேர்க்க வேண்டும்.

என் பெயர் மெர்வின் டிரான்டர். ஹோபார்ட்டில் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் மெயின்ஃப்ரேமை, அந்தப் பழைய ராட்சதக் கணினியை, முப்பத்தொரு வருடம் பார்த்துக்கொண்டேன். அதுதான் என்னைப் பார்த்துக்கொண்டது என்பாள் என் முன்னாள் மனைவி. போன மார்ச்சில் அதை ஓரங்கட்டிவிட்டு லினக்ஸ் என்ற புது சிஸ்டத்துக்கு மாறினார்கள். எனக்குச் சொல்லிக்கொடுக்க கெர்ரின் ஹாஸ்கெல் என்பவள் வந்தாள்.

“மெர்வ், உங்க டைனோசர்ல கத்துக்கிட்டதெல்லாம் வாசல்லயே கழட்டி வெச்சிட்டு வாங்க,” என்றாள் முதல் நாளே. அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆறே வாரத்தில் கற்றுக்கொண்டேன். ஒன்றுதான் உறுத்தியது. எதையாவது அழிக்கச் சொன்னால், நிச்சயம்தானா என்று கேட்கும்படி என் பழைய இயந்திரத்தைப் பழக்கியிருந்தேன். இது கேட்பதில்லை. இரண்டெழுத்துக் கட்டளை, போயே போய்விடும். கெர்ரினிடம் சொன்னேன்.

“இது வளந்தவங்களுக்கான சிஸ்டம், மெர்வ். கையப் புடிச்சு கூட்டிட்டுப் போகாது.”

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, திரையைப் பூட்டாமல் அவள் காபிக்குப் போனாள். நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்து முகவரிப் பட்டியலை அழித்தேன். முதல் இயந்திரம் படுத்தால் கைகொடுக்க வைத்திருந்த மாற்று இயந்திரமும் அதைப் பார்த்துத் தன்னுடைய பிரதியை அழித்துக்கொண்டது. விசுவாசமான பிராணி. மெயின்ஃப்ரேமில் ஒரு பிரதி பத்திரமாக வைத்திருந்தேன்; நான் ஒன்றும் காட்டுமிராண்டி இல்லை. பிறகு என் இடத்துக்கு வந்து பிஸ்கட் சாப்பிட்டேன்.

அழைப்பவர்கள் சொன்ன எந்தத் தெருவும் திரையில் கிடைக்கவில்லை. காகித வரைபடங்களை விரித்துத் தேடினார்கள். கெர்ரின் வியர்த்து வழிந்தபடி எதையெதையோ தட்டிக்கொண்டிருந்தாள். அவளே வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

பக்கத்து மேசையில் ஷெரில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “வண்டி வந்துக்கிட்டே இருக்கும்மா. புருஷன் மூச்சு விடறாரா, பாத்துச் சொல்லுங்க.” அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள்.

கடைசியில் கெர்ரின் வந்தாள். “மெர்வ், உங்ககிட்ட ஏதாவது வழி இருக்கா? ப்ளீஸ்.”

நான்கு நிமிடத்தில் எல்லாம் திரும்பி வந்தது. சாயங்காலம் எனக்காக கேக் வெட்டினார்கள். அவளை வேலையிலிருந்து தூக்கினார்கள். இப்போது அவள்மீது வழக்கும் போடப்போவதாகக் கேள்விப்பட்டுத்தான் இங்கே வந்தேன். அவ்வளவு சுத்தமான வேலை அவள் பெயரில் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆமாம், அழித்தது நான்தான். ஆனால் அந்த மனிதரின் சாவை என் தலையில் கட்டாதீர்கள். பட்டியல் இல்லாமல் போனது மொத்தம் நாற்பத்தொரு நிமிடம்; அதில் நான் எடுத்துக்கொண்டது நான்கு. மீதி முப்பத்தேழு நிமிடமும் அவர்கள் என்னைக் கேட்காமல் வீணாக்கியது.