அண்ணன் எழுதிவைத்த மல்லித் தோட்டம்

மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, கடையடைத்து வந்திருக்கும் மாட்டுத்தாவணிப் பூ வியாபாரிகளே, கொட்டாம்பட்டி உறவுகளே, ஆஸ்பத்திரி வாசலில் கஞ்சி ஊற்றும் எங்கள் அறக்கட்டளைத் தாய்மார்களே, எல்லாருக்கும் அன்னக்கொடியின் வணக்கம்.

பூக்கமிஷன் முத்துக்கருப்பன் அண்ணன் போய்விட்டார். எப்பேர்ப்பட்ட மனிதர்! ஊருக்கெல்லாம் மாலை அனுப்பியவருக்கு இன்று நாம் மாலை சாத்தியிருக்கிறோம்.

மதினி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, துணைக்கு இருந்த அண்ணன் எங்கள் வரிசையில் தூக்குவாளியோடு நின்றார். தெரிந்தவர் பார்த்துவிடக் கூடாதென்று துண்டைத் தலையில் போட்டிருந்தார். நோயாளிக்குத் துணையிருப்பவருக்கும் பசிக்கும் என்று அன்று கண்டவர், மதினி போன பிறகு ஊர்க்கூட்டத்தில் வெற்றிலை மாற்றி வாக்குக் கொடுத்தார்: தன் உழைப்பில் வாங்கிய மல்லித் தோட்டம், தன் காலத்துக்குப் பின் கஞ்சிக்கே! சொந்தக்காரர்கள் அவர் பேரிலேயே புது அறக்கட்டளை தொடங்கச் சொன்னார்கள்.

"ஒல கொதிக்கிற பானை இருக்கைல புது அடுப்பு எதுக்குப்பா?" என்றார்.

வெற்றிலை மாற்றினால் போதுமா? உயில் இல்லாமல் அது நிற்காது என்றாள், வக்கீலுக்குப் படித்த என் பேத்தி தமிழ்வாணி. போய்ச் சொன்னேன். அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஏம்மா, என் வெத்தலைக்கு மேல கையெழுத்துக் கேக்குறியா?"

அப்புறம் வெகுநாள் பேச்சில்லை. ஒருநாள் உயிலைப் பதிவு செய்துவிட்டு அவராகவே சமையல்கூடத்துக்கு வந்தார்.

"எழுதாமப் போனா எம்மவன் ஒங்களோட மல்லுக்கு வருவான். எழுதிட்டேன்ல, இனி கோவம் எம்மேலதான். செத்தவனத் திட்டிட்டுப் போறான், விடு."

அந்த மகன் அருள்பாண்டி முன்வரிசையில் இருக்கிறார். வீடும் கடையும் அவருக்குத்தான். ஆனாலும் விடியுமுன் பூப்பறித்து வளர்ந்த தோட்டமல்லவா? மனம் வலிக்காதா? வழக்குப் போடப் போவதாக நேற்று என்னிடமே சொன்னார்.

மருமகனே, அப்பா மேல் கோபப்படு. அது உன் உரிமை. இந்தச் சபையில் நாங்கள் சொல்கிறோம்: அந்தத் தோட்டத்தை விற்கமாட்டோம். குத்தகைக்கு விட்டால் முதலில் உன்னைத்தான் கேட்போம். அண்ணன் நம்பிக் கொடுத்த அடுப்பை அணையவிடமாட்டோம்.

நாளை அண்ணன் பேரில் உலை வைக்கிறோம். வழக்குப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, முதல் கரண்டி நீதான் ஊற்ற வேண்டும். நேரத்தோடு வந்துவிடு அய்யா, பசியோடு நிற்பார்கள்.