பின்பக்கத்துத் துணி

— கைய வைக்காதீங்க டீச்சர்... ஈரமா இருக்கு. இழுத்தா நோட்டீஸ் கிழிஞ்சிரும்.

— நான் தொடலம்மா. பின்னாடி ஒட்டின துணிய ஏன் உரிக்கிற?

— பழைய பசை, பூச்சி வரும். உரிச்சுட்டு மெல்லிசுத் தாள் ஒட்டுவோம். எங்க லைப்ரரில எப்பவும் அப்படித்தான்.

— உரிச்ச துணி?

— குப்பைக்கு.

— எல்லாமேவா!

— ரெண்டு அலமாரி முடிஞ்சுது, இதான் கடைசிக் கட்டு. ரிட்டயர் ஆனா காலை நீட்டி உட்காருவாங்க, நீங்க ஆராய்ச்சின்னு...

— சிரிக்காத. அலமாரில யாரு பேரு?

— 'பேராசிரியர் சேகரிப்பு'. நாடகம், சோப்பு, ஸ்ட்ரைக்னு... மனுஷன் ஒரு நோட்டீஸ் விடலையே!

— மனுஷன் இல்ல, அவரு சம்சாரம். தெருத்தெருவா அந்தம்மா பொறுக்கினாங்க. கொண்டாந்து குடுத்தது அவரு. குடுத்தவர் பேரே சேர்த்தவர் பேரா நின்னுருச்சு.

— மாத்தச் சொல்லிக் கேக்கலாமே?

— கேட்டாச்சு. ஆதாரம் வேணுமாம்.

— ஆமா, குடும்பத்து ஆள் வாய்ச்சொல் இங்க செல்லாது. விட்டா ஆளாளுக்குப் பங்காளிச் சண்டையத் தூக்கிட்டு வந்துருவாங்க. நீங்க வெளியாள், உங்களுக்கென்ன?

— எனக்கென்ன... ஆதாரம்தானே, நோட்டீஸ் பின்னாடியே ஒட்டியிருந்துது.

— ஆதாரம்னா இந்தத் துணியா?

— தலகாணி உறை, பழைய பாவாடை... எந்தப் பேராசிரியர் பாவாடைய வெட்டி ஒட்டுவாரு? அதை நம்பித்தான் வந்தேன்.

— அதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

— கேள்விப்பட்டேன்.

— ஐயோ... முன்பக்கம் மட்டும் பாருன்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க டீச்சர்.

— உன்மேல என்ன தப்பு... ஆனா வயிறு எரியுதும்மா.

— அந்தம்மா இருக்காங்களா?

— போன மழைக்குப் போயிட்டாங்க. 'நான்தான் சேர்த்தேன்'னு ஒரு தடவகூட வாயத் தொறக்கல.

— அழாதீங்க... இருங்க, இது ஒண்ணு இன்னும் உரிக்கல. திருப்பறேன்... அட, குழந்தை கவுன்! பாதி.

— இப்படிக் காட்டும்மா.

— பூனை தச்சிருக்கு, பாருங்களேன். ஒத்தக் கண்ணு!

— இன்னொரு கண்ணு போடறதுக்குள்ள நூலு தீர்ந்துருச்சு.

— என்ன சொன்னீங்க?

— ஒண்ணுமில்ல.

— டீச்சர், இது போதும்! இது அந்த வீட்டுத் துணிதான்னு வெளியாள் ஒருத்தர் சொன்னா பேர மாத்திருவாங்க. நீங்களே சொல்லுங்க, இப்பவே எழுதிக்கறேன்.

— நான் சொன்னா...

— உங்க சொல்லு செல்லும் டீச்சர். ஒண்ணே ஒண்ணு கேப்பாங்க, யாரு போட்ட கவுன்னு. சொல்லுங்க, யாரோடது?

— என்னோடதும்மா. தரமாட்டேன்னு நான் அழ அழ... எங்கம்மா வெட்டினாங்க.