ஆபீசுக்குக் கூப்பிட்டால்

– டாக்டர்கிட்ட வாங்கின லீவு சீட்டா, மூணாவது எம்.சி.யா இது? யூனிவர்சிட்டிக்குப் போயி மூணு மாசம்கூட ஆகல. நானே வருசத்துக்கு ரெண்டுதான் எடுப்பேன்.

– வயித்த வலிப்பா.

– நேத்து செவ்வாக்கெழம. போன செவ்வாயும் வயித்த வலி, அதுக்கு முந்தின செவ்வாயும் வயித்த வலி. உன் வயிறு காலண்டர் பாத்துத்தான் வலிக்குமா, ஷர்மினி?

– செவ்வாய் மூணு மணிக்குத்தான் லெக்சரர் ரூமுக்கு வரச் சொல்றாங்க. நான் என்ன பண்றது? ஆபீசுக்குக் கூப்பிட்டா எம்.சி. எடுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.

– அது தோட்டத்து ஆபீசு லா. கணக்கு எழுதற கிராணி கூப்பிட்டான்னா ஒண்ணு சம்பளத்துல வெட்டுவான், இல்ல ஆளையே வெட்டுவான். இருபத்திரெண்டு வருசமா செம்பனை மரத்துல குலை வெட்டறேன், ஒரு நாளும் அந்தப் படி ஏறினதில்ல. அதான் இன்னும் வேலையில இருக்கேன்.

– நானும் ஏறல. இப்ப அவங்க கிளாசுக்கே போறதில்ல. பாத்தா புடிச்சிக்குவாங்க.

– அப்படி என்ன குத்தம் பண்ணின?

– கட்டுரை. நாப்பதுக்குப் பதினொண்ணு.

– எஸ்.பி.எம். பரீட்சையில எட்டு ஏ வாங்கினவளுக்கா? புக்கிட் ரோத்தான் டவுன்ல கோழி விக்கிறவன்கிட்டகூட சொல்லிட்டு வந்தேனே.

– ஸ்கூல்ல டீச்சர் நோட்டு குடுப்பாங்க, மனப்பாடம் பண்ணி எழுதிடுவேன். இங்க நோட்டே கெடையாது. பதினாலு புக்கு பேரப் போட்டுட்டு, போயிப் படிச்சிட்டு வான்றாங்க. அதுல மெலிசா ஒண்ண எடுத்து முழுசா மனப்பாடம் பண்ணினேன்.

– நல்லதுதானே. தலைப்பு என்ன?

– தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை.

– அட, நம்ம வீட்டு சமாச்சாரம். என்ன எழுதின, சொல்லு பாப்போம்.

– சிரிக்கக் கூடாது. 'தோட்டத் தொழிலாளர்கள் விடியற்காலையில் மகிழ்ச்சியுடன் எழுந்து...'

– யாரு?

– தொழிலாளர்கள்.

– மகிழ்ச்சியுடனா? எந்தத் தோட்டம்? அட்ரஸ் குடு, நான் அங்க மாறிப் போயிடறேன்.

– அவங்களும் செவப்பு மையில அதத்தான் கேட்டிருக்காங்க. 'நீ தோட்டத்தைப் பார்த்திருக்கிறாயா?'ன்னு.

– குலைய அண்ணாந்து பாத்துப் பாத்து கழுத்து புடிச்சிக்கிட்டு நான் குப்புறக் கெடந்தப்ப, நீதானே முதுகுல ஏறி மிதிச்ச? அத எழுதியிருக்கலாமே.

– அதெல்லாம் எழுதலாம்னு எனக்கு யாரு சொன்னா? புக்குல இல்லாதத எழுதினா ஸ்கூல்ல முட்டை.

– சரி, அந்தம்மா விடாம கூப்பிடுதா?

– இல்ல. நேத்து சாயங்காலம் ஒரு இமெயில் வந்துச்சு. மூணு வாரம் காத்திருந்தேன், இனிமே கூப்பிட மாட்டேன்னு.

– அப்ப ஜெயிச்சாச்சு. கிராணியும் இப்படித்தான், அலுத்துப் போயி விட்டுடுவான்.

– ஜெயிக்கலப்பா. ஸ்கூல்னா வீடு வரைக்கும் தேடி வருவாங்க. இங்க விட்டுட்டாங்கன்னா விட்டதுதான். வெள்ளிக்கெழமக்குள்ள கட்டுரையத் திருத்திக் குடுக்கலன்னா பரீட்சையில ஒக்கார முடியாது.

– அப்ப என்ன செய்யப் போற?

– ராத்திரி பூரா யோசிச்சேன். நாளைக்குக் காலையில நானே போயி கதவத் தட்டப் போறேன். திட்டினா திட்டட்டும்.

– கூப்பிடாமயா? பயமா இல்ல?

– இருக்கு. உங்களுக்கு எங்க தெரியப் போவுது? ஒரு நாளாச்சும் ஆபீசு படி ஏறியிருந்தாத்தானே.

– நேத்து ஏறினேன்.

– எங்க?

– புஞ்சாக் ஆலாம்ல, உன் யூனிவர்சிட்டியில. மூணாவது மாடி. நீ கிளாசுக்கு வரலன்னு கடுதாசி வந்துச்சு, மலாய்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கவே எனக்கு ரெண்டு நாளாச்சு. அப்புறம் வயித்த வலின்னு ஒரு எம்.சி. எடுத்துக்கிட்டு, மூணு மணிக்கு உனக்குப் போட்டிருந்த நாக்காலியில நான் போயி ஒக்காந்தேன்.

– ப்பா... அவங்க என்ன சொன்னாங்க?

– இன்னொரு தடவ கூப்பிட்டுப் பாக்கறேன்னாங்க. வேணாங்கம்மா, எங்க வம்சம் கூப்பிட்டா வராது, இனிமே கூப்பிட மாட்டேன்னு எழுதிப் போடுங்க, எம்பொண்ணு தானா வருவான்னு நான்தான் சொன்னேன்.