ஆடு வாய் வைக்காத செடி

நிழலில் செடி வளர்க்கப் பொறுமை வேண்டும், ஐயா. வெயில் படாத இடத்தில் ரோஜாவை நட்டுவிட்டுப் பூக்கவில்லையே என்று புலம்புகிறவர்கள் நிறைய. என் வீட்டுப் பக்கவாட்டில் கொஞ்சம் மண் உண்டு. பக்கத்து வீட்டு மரம் கவிந்து, வெயில் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. அண்ணன் படுத்திருந்த அறையின் ஜன்னல் அந்தப் பக்கம்தான்.

கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தபின் அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று துணி தேய்த்துவிட்டு வந்து, நான்தான் அவரைத் துடைத்து, துணி மாற்றி, சாப்பாடு வைப்பேன். பழகப் பழகப் பாலும் புளிக்கும். எனக்கும் புளித்தது.

ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு, "தங்கச்சி சாப்பாடே போட மாட்டேங்குறா" என்பார். சில நாள் அது உண்மைதான். அசதியில் அப்படியே தூங்கிவிடுவேன்.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் என்னை நிறுத்தினார். "ஏம்மா, உங்க அண்ணன் பசிக்குதுங்குறாரே?"

"அவருக்கு மறதிக்கா. சாப்பிட்டதே ஞாபகம் இருக்காது."

தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாளும் ஜன்னலை எட்டிப் பார்த்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஜன்னலை மூடலாம்.

செடி விற்கிறவரிடம் நிழலுக்கு ஏற்றதாகக் கேட்டேன். பெரணியைக் காட்டினார். அது தரையோடு நின்றுவிடும், எனக்கு உயரம் வேண்டும் என்றேன். மணி பிளாண்ட் எடுத்துக் கொடுத்தார்.

"நிழல்னா இதுக்குக் கொண்டாட்டம்மா. கம்பியில ஏத்திவிட்டா ஜன்னலையே மறைச்சிடும், பரவாயில்லையா?"

"பரவாயில்லைங்க."

"இலையத் தின்னா வாயெல்லாம் அரிக்கும். ஆடுகூட வாய் வைக்காது."

கொடி நன்றாகப் படர்ந்தது. அண்ணன் உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் முகம் தெரியாத குரலுக்கு யாரும் நிற்பதில்லை. எதிர்வீட்டு அக்காகூட, "தோட்டம் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்மா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னை ஒருவர் பாராட்டி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அதன்பின் அண்ணனின் கதவை ஒருநாள் விட்டு ஒருநாள் திறந்தேன். பிறகு ஒரு குடம் தண்ணீர் மட்டும் வைத்துவிட்டு வந்தேன். பிறகு அதுவும் முடியவில்லை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.

ஜன்னல் கம்பியை ஒட்டிய இலைகள் பாதி பாதியாகக் காணாமல் போக ஆரம்பித்தன. நத்தையாக இருக்கும் என்று சுற்றிலும் உப்புத் தூவினேன். கொஞ்ச நாளில் அது நின்றுவிட்டது. புதுத் தளிர் விட்டது.

கொல்ல நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். நான் அவரை ஒன்றும் செய்யவில்லை, ஐயா. எதுவும் செய்ய முடியாத அளவுக்குக் களைத்துப் போயிருந்தேன். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு நத்தையைக்கூட நான் பார்த்ததில்லை. நத்தை கடித்தால் இலையில் மனிதப் பல் பதியாது என்பதும் தெரியும். பல் பதிந்த இலைகளை அன்றன்றைக்கே கிள்ளிவிடுவேன். தோட்டம் பார்க்க நன்றாக இருக்க வேண்டாமா?